பகலில் குடிக்க வேண்டிய மருந்து

ஹபீல் பேரத்தில் தோற்றதில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த அவனுடைய பிடவைக்கடைக்கு வந்தவர் எவரும் தாம் நினைத்துவந்த விலைக்குத் துணி வாங்கிப் போனதில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். வாய்க்காரன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்கில் மழை பொய்த்தது. பாலத்தின் கீழே ஓடும் கங்கை ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. மணலுக்கு நடுவே தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. ஐப்பசியில் காய்ச்சல் தொடங்கியது. கார்த்திகை முடிவதற்குள், அது நுழையாத வீடு என்று விரல் மடக்கினால் அந்த வீதியில் இரண்டு மூன்றுதான் மிஞ்சின. பாலத்துக்கு அப்பால் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு அரசாங்கம் ஒரு டாக்டரை அனுப்பியது. பெயர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தவர். மெலிந்த மனிதர். ஒரு நாளில் இருநூறு நாக்குப் பார்த்தார்.

கொட்டகையில் ஒரு முறை இருந்தது. காய்ச்சலுக்கான கொயினா மருந்தை யாருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கசப்பென்று சிலர் வழியில் ஊற்றினார்கள். சிலர் விற்றார்கள். ஆகையால் வரிசையில் நின்று, டாக்டரின் கண் முன்னால் குவளையில் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகவேண்டும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போது நோன்புப் பிறை தெரிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலேயே பள்ளி லெப்பை சொல்லிவிட்டார்: காய்ச்சல்காரருக்கு நோன்பு கடமை இல்லை, விட்ட நோன்பைச் சுகமான பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம், மருந்தைக் குடியுங்கள் என்று. அடுத்த நாள் இரும்புக்கடை ஹாஷிம், நடுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க, கொயினா குடித்துவிட்டு வந்தான். ஹாஷிமின் கடை ஹபீலின் கடைக்கு அடுத்தது. ஹபீல் கடை வாசலில் நின்று கேட்டான்.

"என்ன ஹாஷிம் நானா, கொயினா எப்பிடி? நோன்பு திறக்க ஈச்சம்பழத்துக்குப் பதிலா நல்லமா?"

வீதியில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கசக்குது," என்றான் ஹாஷிம். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

"உசிர் வெல்லந்தானே நானாவுக்கு," என்றான் ஹபீல். அதற்கும் சிரித்தார்கள்.

ஐந்து நாள் கழித்து ஹபீலின் மனைவி கைரியாவுக்குக் குளிர் பிடித்தது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. பிறகு உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பிறகு வியர்த்து ஓய்ந்தது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே குளிர். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஹபீல் ஒரு வெற்றுப் போத்தலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

"ஆளைக் கொண்டுவாரும்," என்றார் டாக்டர்.

"எழும்ப ஏலாது ஐயா. போத்தல்ல தாங்க. நான் குடுக்கிறேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். வரிசையையும் பார்த்தார். அது பாலம் வரைக்கும் நின்றது.

"சரி. மூன்று நாளைக்குத் தாறன். காலமை, மத்தியானம், பின்னேரம். சாப்பிட்ட பிறகு."

"நோன்பு ஐயா."

"உங்கட லெப்பையே சொல்லிப்போட்டாரே, வருத்தக்காரருக்கு நோன்பு இல்லையெண்டு."

"லெப்பை செல்லினது சலுகை ஐயா. கட்டளை இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹபீலின் முதுகு நிமிர்ந்தது. பேரம் தொடங்கிவிட்டது.

"நான் சொல்லுறது கட்டளை," என்றார் டாக்டர்.

"ஒரு நாளைக்கு மூண்டுதானே ஐயா கணக்கு? பகல்ல மூண்டு குடிச்சா என்ன, ராவைக்கு மூண்டு குடிச்சா என்ன? எந்தப் பக்கத்தால துணிய அளந்தாலும் மூண்டு யார் மூண்டு யார்தானே."

"உடம்பு துணியில்லைக் காணும்."

இந்த முறை வரிசை டாக்டருக்காகச் சிரித்தது. ஹபீலுக்கு முகம் சூடானது. டாக்டர் சிரிக்கவில்லை. போத்தலை வாங்கிக் கம்பவுண்டரிடம் கொடுத்தார். போத்தல் நிரம்பி வந்தது. அதன் பக்கத்தில், அளவு காட்ட, வேளைக்கு ஒரு பல்லாக வெட்டிய கடதாசி ஒட்டியிருந்தது.

"காலமை. மத்தியானம். பின்னேரம். நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேணும். விளங்குதோ?"

"விளங்குது ஐயா," என்றான் ஹபீல்.

விளங்கத்தான் செய்தது. செய்வதாக அவன் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நினைத்து வழியெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தான். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைக்கும்போது அவனுக்கு உடம்பு கூசும்.

வீட்டில் கைரியா கண்ணைத் திறந்து கேட்டாள்.

"நோன்ப விடச் செல்லினாங்களா?"

"ராவைக்குக் குடிச்சாப் போதும்," என்றான் ஹபீல்.

அவள் தலையசைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலநாள் அவன் தன்னிடமே சொல்லிப் பார்த்தான். போன வருஷத்து நோன்பில் பதினொன்று அவளுக்குக் கழாவாக நின்றன. பிள்ளை பிறந்து செத்த வருஷம் அது. இந்த வருஷத்து நோன்பும் சேர்ந்தால் அவளுக்கு மனக்கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தான். அது பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவன் நினைத்தது அதை அல்ல. தன் வீட்டில் பகலில் மருந்துக் குவளை கழுவும் சத்தம் பக்கத்து வீட்டு ஹாஷிமுக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நினைத்தான்.

மஃரிபுக்கு நோன்பு திறந்ததும் ஒரு வேளை கொடுத்தான். தராவீஹ் தொழுதுவிட்டு வந்து ஒரு வேளை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பி ஒரு வேளை. இரண்டாம் இரவு, ஸஹர் வேளையில் போத்தலைப் பிடித்தபடி கணக்குப் போட்டான். விடிந்தால் மாலை வரைக்கும் பதின்மூன்று மணித்தியாலம் மருந்தில்லாமல் போகிறது. அந்த ஓட்டையை அடைக்கவேண்டும். இரண்டு பல் அளவு ஊற்றினான். அன்றிலிருந்து ஸஹருக்கு இரண்டு. போத்தல் முன்கூட்டியே முடிந்தது. கொட்டிவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கி வந்தான்.

மூன்றாம் நாள் குளிர் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. ஹபீல் கடை வாசலில் நின்று சொன்னான்.

"டாக்டர்மாருக்குப் படிப்பு ஈக்குது. புத்தி எங்களுக்கிட்டத்தான் ஈக்குது."

அன்று கைரியா சொன்னாள்: "காதுக்குள்ள ஏதோ பூச்சி கத்துற மாதிரி ஈக்குதுங்க. நிக்காமக் கத்துது."

"மருந்து வேல செய்யுது," என்றான் ஹபீல். அன்று ஸஹருக்கும் இரண்டு கொடுத்தான்.

ஏழாம் நாள் மாலை இருவரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கஞ்சியும் ஈச்சம்பழமும். கைரியா முக்காட்டைச் சரிசெய்து, ஒரு பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாங்கு ஒலித்தது. ஹபீல் துஆ ஓதிப் பழத்தை வாயில் போட்டான். கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்து, அவளைப் பார்த்தான். அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குப் பாங்கு சுணங்குது," என்றாள்.

பாங்கு முடிந்துகொண்டிருந்தது. பள்ளி நாலு வீடு தள்ளித்தான்.

"கைரியா."

அவள் திரும்பவில்லை.

பிறகு அவன் மெல்வதைக் கண்டாள். கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். மீண்டும் அவன் வாயைப் பார்த்தாள். அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கிவந்ததை ஹபீல் எதிரே உட்கார்ந்து பார்த்தான். பார்க்காமல் இருக்க வழியில்லை.

அவளைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் மணிக்கூட்டை அவளுடைய இடது காதில் வைத்தார். ஒன்றுமில்லை. வலது காதில் வைத்தார். அதிலும் இல்லை. வலது காதுக்குள் கத்தினால் மட்டும் தலையைத் திருப்பினாள்.

"எப்பிடிக் குடுத்தனீர்?"

கைரியா பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்து இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க செல்லின மாதிரித்தான் ஐயா."

"பகலிலையோ?"

"பகல்லதான். மூண்டு வேள."

அவள் கேட்கமாட்டாள் என்று தெரிந்ததால் வந்த பொய் அது. காது கேட்டிருந்தால் அவள் அவனைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "அந்த அளவுக்கு இப்பிடி வரக்கூடாது. சில உடம்பு கொயினாவைத் தாங்காது. இருக்கிறதுதான். ஆயிரத்திலை ஒண்டு." அவளுடைய துண்டுச்சீட்டை எடுத்து, சிவப்புப் பென்சிலால் குறுக்கே எழுதினார். "இனி இவவுக்குக் கொயினா குடுக்கக்கூடாது. ஆர் குடுத்தாலும் வாங்கக்கூடாது. மிச்சத்தை ஊற்றிப்போடும்."

வீட்டுக்கு வந்ததும் கைரியா கேட்டாள்: "எனத்தால இப்பிடி?" அவள் குரல் உயர்ந்திருந்தது. தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

ஹபீல் தன் நெற்றியில் கையை வைத்துக் காட்டினான். காய்ச்சல்.

அவள் தலையசைத்தாள். "அல்லாட நாட்டம்," என்றாள்.

பெருநாள் வந்தது. வீதியில் பாதி வீடுகளில் புதுத்துணி இல்லை. ஹபீல் ஹாஷிமின் வீட்டுக்குப் போய் கைகொடுத்து முஸாபஹாச் செய்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அவனுக்கே நினைவில்லை. கடையில் பேரம் பேச வாய் வரவில்லை. சொன்ன விலைக்கு வெட்டிக் கொடுத்தான். தெல்தெனியாவிலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரன் ஒருவன், "என்ன முதலாளி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். கைரியாவின் வலது காது சிறிது தெளிந்தது. பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் பாதி விளங்கியது. மீதியை வாயைப் பார்த்துப் பிடித்தாள். இடது காது போனது போனதுதான். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது.

பெருநாள் கழிந்து ஆறு கிழமையில் காய்ச்சல் திரும்பி வந்தது. ஊரிலும் வந்தது. கைரியாவுக்கும் வந்தது.

ஹபீல் சீட்டோடு கொட்டகைக்குப் போனான். கம்பவுண்டர் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு ரோசா நிறத்தில் வேறொரு தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். ஹபீல் வாய் திறக்கவில்லை. சூடு தணிந்தால் போதும், தணியும், என்று நினைத்துக்கொண்டு நடந்தான். அடுத்த நாளும் அதே போத்தல். அதே நினைப்பு. ஒரு சொல் சொன்னால் கொயினா கிடைக்கும். அந்தச் சொல்லை இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் கைரியா செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொட்டிலை ஆட்டச் சொன்னாள். தொட்டில் வீட்டில் இல்லை.

ஹபீல் வெளியே ஓடி ஹாஷிமின் கதவைத் தட்டினான். வீதியில் மாட்டுவண்டி வைத்திருந்தது ஹாஷிம் மட்டும்தான். ஹாஷிம் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டு, அவளைத் தூக்கி வைக்க உதவி, தானே வண்டியை ஓட்டினான். கொட்டகை வாசலில் வண்டி நின்றது. வரிசை விலகி வழி விட்டது.

"ஐயா, கொயினா குடுங்க," என்றான் ஹபீல்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "குடுக்கக்கூடாதெண்டு எழுதியிருக்கிறன்."

"குடுங்க ஐயா."

"அண்டைக்கு, இராத்திரியிலைதான் குடுப்பன் எண்டு என்னோடை வாதாடினீர். இண்டைக்குக் குடுக்கச் சொல்லி வாதாடுறீர். மற்றக் காதும் போகவேணுமோ?"

"அவட உடம்பில பிழ இல்ல ஐயா." ஹபீல் ஓரடி முன்னால் வந்தான். "நான் பகல்ல குடுக்கல்ல. ராவைக்குத்தான் குடுத்தேன். நாலு வேள. ஸஹருக்கு ரெண்டு."

வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எத்தினை நாள்?"

"ஆறு ராவு."

"காதுக்கை இரைச்சல் எண்டு சொன்னவவோ?"

"செல்லினா."

"அப்பவும் குடுத்தனீர்."

ஹபீல் சீட்டின் சிவப்பு எழுத்தைப் பார்த்தான்.

"உம்மட வாயைப் பார்த்துத்தான் காணும் இதை எழுதினனான்," என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று ஹபீலுக்குப் பட்டது. டாக்டர் எழுந்து வண்டிக்கு வந்தார். கைரியாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அவள் முனகிக் கண்ணைத் திறந்தாள். அந்த நேரம் சூடு தணிந்து அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது.

"குடுக்கலாம். அரை அளவு, இடைவெளி விட்டு. அநேகமாகத் தப்புவா. ஆனால் ஒருக்காப் பழுதான காது. மிச்சமும் போகலாம். போகாமலும் இருக்கலாம். நான் உத்தரவாதம் சொல்லமாட்டன்." டாக்டர் ஹபீலைப் பார்த்தார். "அவவின்ரை காது. அவவைக் கேளும். எல்லாத்தையும் சொல்லிக் கேளும். அவ ஓமெண்டால் ஊற்றுறன்."

"நான் செல்றேன் ஐயா, நீங்க குடுங்க."

"நீர் சொல்லி ஒருக்காக் குடுத்தாச்சு."

ஹபீல் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவளுடைய வலது காதுக்கு வாயை வைத்தான். மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவள் முகம் சுளித்து, "என்ன?" என்றாள்.

உரத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"காது போனது காச்சலால இல்ல."

"என்ன?"

"காச்சலால இல்ல! மருந்தால! நான் தந்த மருந்தால!"

கத்திச் சொல்லும்போது சொற்களுக்குச் சரிகை கட்ட முடியாது. ஏன், எதற்கு, எந்த நல்லெண்ணத்தில் என்று எதுவும் ஒட்டவில்லை. எலும்பு மட்டும்தான் வந்தது.

"பகல்ல தரச் செல்லினாங்க! நான் ராவைக்குத் தந்தேன்! கூடத் தந்தேன்!"

வரிசை முழுவதும் கேட்டது. பாலத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஹாஷிம் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

கைரியா அவனுடைய வாயைப் பார்த்தாள்.

"எத்தின?"

அவன் நாலு விரலைக் காட்டினான். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் அந்த மருந்துதான்! வேற இல்ல! மத்தக் காதும் போகலாம்! குடிக்கிறீங்களா எண்டு கேக்கச் செல்றாங்க!"

நீங்க என்று அவளை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று வந்துவிட்டது.

அவள் கண்ணை மூடினாள். மயங்கிவிட்டாள் என்று நினைத்து டாக்டர் நாடியைப் பிடித்தார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"நோன்ப விடு எண்டு செல்லி இருந்தா விட்டிருப்பேன்," என்றாள். காது கேளாதவர்களின் தட்டையான உரத்த குரல். வரிசையின் கடைசியில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். "நான் அண்டைக்குக் கேட்டேனே."

பிறகு டாக்டரின் பக்கம் முகத்தைத் திருப்பி, கையை நீட்டினாள்.

"தாங்க."

குவளை வந்தது. குடித்தாள். கசப்பில் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. வரிசையில் எல்லாரும் செய்வதுபோல் வாயைத் திறந்து காட்டினாள். டாக்டர் சிறிய போத்தல் ஒன்றைக் கம்பவுண்டரிடமிருந்து வாங்கினார். ஹபீல் கையை நீட்டினான். போத்தல் அவன் கையைக் கடந்து போய் அவள் மடியில் நின்றது.

"எப்ப எப்ப?" என்று அவள் டாக்டரைக் கேட்டாள்.

டாக்டர் கிழக்கே கையைக் காட்டினார். தலைக்கு மேலே காட்டினார். மேற்கே, ஹல்லோலுவ மலைப் பக்கம் காட்டினார். அவள் தலையசைத்துப் போத்தலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏறுங்க மச்சான். எடம் ஈக்குது," என்றான் ஹாஷிம்.

ஹபீல் ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்தான்.

அன்று கடை திறக்கவில்லை. கைரியா தூங்கினாள். ஹபீல் வாசற்படியில் உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் சுவரடிக்கு வந்து ஒடுங்கியது. மருந்து வேளை. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. போத்தல் அவள் முந்தானையில் இருந்தது. அதை அவிழ்க்கக் கை போகவில்லை. குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் விழித்தாள். வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள். எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, கடதாசியின் பல்லுக்குச் சரியாகத் தானே ஊற்றினாள். குடித்தாள். வெறும் குவளையை அவனிடம் நீட்டினாள்.

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. வலது காது இருந்த அளவில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த எட்டு நாளும் அவள் அவனிடம் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு நாளில் மூன்று தடவை குவளையை நீட்டுவாள். அவன் கிணற்றடிக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்ப்பான். கசப்பு வாசம் போன பிறகும் தேய்ப்பான்.